மான்ட்கோமரி, பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தண்ணீர் நிறுவனத்தில் எந்த நாற்காலி எதற்கு?

அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தின் ஜெர்மன்டவுனில் வீடு வாங்கிய முதல் கோடையில், ஒரு சனிக்கிழமை மழையில் தெருமுனை வடிகால் அடைத்துக்கொண்டு எங்கள் வாசல் நடைபாதை வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஊர்ப் பழக்கம் எங்கே போகும்? சென்னையில் இருந்தவரை, தெருவில் தண்ணீர் நின்றால் மேலே இருப்பவருக்கு மனு எழுது, கீழே சொல்லி ஒன்றும் ஆகாது என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அன்று இரவே தண்ணீர் நிறுவனத்தின் இணையதளத்தில் தலைமைப் பொறுப்பாளர்கள் பக்கத்தைத் திறந்து, முதல் படத்தில் இருந்த பொது மேலாளருக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் பணிவான பதில் வந்தது: மழைநீர் வடிகால் எங்கள் பொறுப்பில் வராது, அது கவுண்டி அரசைச் சேர்ந்தது, 311 என்ற கவுண்டியின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பதிலில் ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. இருந்தாலும் வெட்கமாகத்தான் இருந்தது. படத்தைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறேன், வீடு யாருடையது என்று பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு சில வருடங்களாக அந்த நிறுவனத்தின் கூட்டங்களை அவ்வப்போது கவனித்துவருகிறேன். விலையை முடிவு செய்வது ஒரு மேசை, குழாயைத் தோண்டுவது இன்னொரு மேசை, இரண்டையும் தட்டிக்கேட்பது மூன்றாவது மேசை. எந்த மேசையில் என்ன கேட்கலாம் என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க், லேன்ஹம் பக்கம் புதிதாக வந்து இறங்கியிருப்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் தண்ணீர் யாருடையது?

இரண்டு கவுண்டிகளிலும் பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் கொடுத்துக் கழிவுநீரை எடுத்துப்போவது வாஷிங்டன் சபர்பன் சானிட்டரி கமிஷன். 2019-இலிருந்து டபிள்யூ.எஸ்.எஸ்.சி. வாட்டர் என்ற பெயரில் இயங்குகிறது. ஏறக்குறைய 19 லட்சம் பேருக்கு, நாளொன்றுக்குச் சுமார் 16 கோடி காலன்.

ஆனால் "பெரும்பாலான" என்பதைக் கவனியுங்கள். ராக்வில் நகரத்துக்குச் சொந்தக் குடிநீர் அமைப்பு உண்டு. பிரின்ஸ் ஜார்ஜஸில் போவி நகரத்துக்கும், மேற்கே பூல்ஸ்வில்லுக்கும் அப்படித்தான். ஒரே ஊர்ப் பெயரை முகவரியில் எழுதும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வேறு நிறுவனங்கள் தண்ணீர் கொடுப்பதும் உண்டு. ராக்வில் என்று முகவரி இருக்கும், வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கும். ஆகவே முகவரியை நம்பாமல் பில்லின் தலைப்பைப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் கணக்கே இருக்காது. குடியிருப்பு நிர்வாகமோ அது அமர்த்திய பில் நிறுவனமோ தொகையைப் பிரித்து அனுப்பும். அப்போது முதல் கேள்வியை அங்கேதான் கேட்க வேண்டும்.

மழைநீர் தனிக் கதை. சாலையோர வடிகால், தெருவில் தேங்கும் வெள்ளம், ஓடையில் அரிப்பு எல்லாம் கவுண்டியின் வேலை. மான்ட்கோமரியில் இதற்கான கட்டணம் சொத்துவரி பில்லில் ஒரு வரியாக வரும், தண்ணீர் பில்லில் வராது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதியது இது தெரியாமல்தான்.

இது எந்த மாதிரியான நிறுவனம்?

"கவுண்டித் தண்ணீர்த் துறை" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். சட்டப்படி அது கவுண்டித் துறை இல்லை. 1918-இல் மேரிலாந்து சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது. தலைநகரின் எல்லைக்கு வெளியே வீடுகள் பெருகி, அவற்றின் சாக்கடை ஓடைகளில் இறங்கி வாஷிங்டனுக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு கவுண்டி மட்டும் குழாய் போட்டுத் தீர்கிற விஷயமாக அது இருக்கவில்லை. அதனால்தான் இரண்டு கவுண்டிக்கும் ஒரே அமைப்பு. நூறு வருடம் தாண்டியும் அதன் குணம் அந்தப் பிறப்பிலேயே நிற்கிறது. எந்த முடிவுக்கும் இரண்டு பக்கத் தலையும் ஆட வேண்டும்.

உச்சியில் ஆறு கமிஷனர்கள். மான்ட்கோமரிக்கு மூன்று, பிரின்ஸ் ஜார்ஜஸுக்கு மூன்று. அவர்கள் தேர்தலில் வருவதில்லை. அந்தந்தக் கவுண்டியின் நிர்வாகத் தலைவர் நியமிப்பார், கவுண்டி கவுன்சில் உறுதி செய்யும். பதவிக்காலம் நான்கு வருடம். தலைவர் பதவி இரண்டு கவுண்டிகளுக்கும் மாறி மாறிப் போகும். இவர்கள் முழுநேர ஊழியர்கள் இல்லை, கூட்டத்துக்கு வந்து கொள்கை முடிவு எடுப்பவர்கள். அன்றாட நிர்வாகத்துக்கு இவர்கள் ஒரு பொது மேலாளரை அமர்த்துகிறார்கள், அவரே தலைமைச் செயல் அலுவலரும்.

நமக்குப் பழக்கமான சென்னைக் குடிநீர் வாரியத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். 1978-இல் அமைந்த அந்த வாரியத்தில் மேலாண்மை இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நேற்று வேறு துறையில் இருந்திருப்பார், நாளை இன்னொரு துறைக்குப் போவார். இங்கே பொது மேலாளர் பெரும்பாலும் தண்ணீரிலேயே ஊறியவர். 2023 ஜனவரியில் பொறுப்பேற்ற கிஷியா பவல் அதற்கு முன் அட்லாண்டாவின் தண்ணீர்த் துறையை நடத்தியவர், பிறகு வாஷிங்டன் நகரத் தண்ணீர் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். எது நல்ல முறை என்று கேட்டால், எனக்கு இரண்டிலும் குறை தெரியும். துறை மாறி வருபவர் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் போய்விடும். தண்ணீரிலேயே ஊறியவர் வீட்டுக்காரர் கண்ணால் பார்க்க மறந்துவிடலாம்.

தலைமைப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

இணையதளத்தில் சிரித்த முகங்களாக வரிசையாக இருக்கும். பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளிலிருந்து ஆரம்பியுங்கள். சிலருக்கு "பி.இ." என்று இருக்கும். நம்மூர் பி.இ. பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே தவிர, இது மாநிலம் தேர்வு வைத்து, அனுபவம் பார்த்துக் கொடுக்கும் பொறியாளர் உரிமம். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் அந்த வரைபடத்துக்கு அவர் பொறுப்பு. தலைமைப் பொறியாளர், செயல்பாட்டுப் பிரிவினர் பெயர்களில் இது தென்படும். நிதிப் பக்கம் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்), சட்டப் பக்கம் வழக்கறிஞர் என்று வரும்.

பதவிப் பெயர்களும் அவற்றின் அமைப்பும் அடிக்கடி மாறும். புதிய பொது மேலாளர் வந்தால் பெட்டிகளை இடம் மாற்றாமல் விடமாட்டார். ஆனால் அடியில் இருக்கும் வேலை மாறுவதில்லை. துணைப் பொது மேலாளர் அல்லது தலைமைச் செயல்பாட்டு அலுவலர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், பொடோமக், பட்டக்ஸன்ட் என்ற இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள், பம்பு நிலையங்கள், கழிவுநீர் நிலையங்கள், தெருவில் குழி தோண்டும் ஆட்கள் எல்லாம் அவர் கீழே. தலைமைப் பொறியாளர் கையில் அடுத்த பத்து வருடத்தில் எந்தக் குழாயை மாற்றுவது என்ற திட்டம். தலைமை நிதி அலுவலர் கையில் கட்டண விகிதம், கடன் பத்திரம். வாடிக்கையாளர் சேவை இயக்குநர் கையில் உங்கள் பில். நிறுவனத்துக்கென்று சொந்தப் போலீஸ் படையும் உண்டு, அதற்கும் ஒரு இயக்குநர் இருக்கிறார். முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தேன். அணைகளையும் நிலையங்களையும் காவல் காக்க வேறு யார் வருவார்கள் என்று பிறகுதான் உறைத்தது.

இரண்டு பதவிகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கார்ப்பரேட் செகரட்டரி. பெயரைக் கேட்டால் யாரோ கோப்பு தூக்குபவர் போலத் தோன்றும். கமிஷனர்களின் கூட்ட அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், யார் பேசப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் அலுவலகம் வழியாகத்தான். இரண்டாவது இன்ஸ்பெக்டர் ஜெனரல். "ஐ.ஜி." என்றதும் காக்கிச் சட்டை ஞாபகம் வரும். இவர் காக்கி போடாதவர். நிறுவனத்துக்குள் வீண்செலவு, மோசடி, முறைகேடு நடந்தால் விசாரிப்பவர். முக்கியமானது, அவர் பொது மேலாளருக்குக் கீழே வேலை செய்வதில்லை, நேரே கமிஷனர்களிடம் அறிக்கை கொடுக்கிறார். பில் அதிகம் என்பதற்கு அவரிடம் போகக் கூடாது. டெண்டரில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் அவரிடம்தான் போக வேண்டும்.

பில் அதிகம் வந்தால் யாரிடம்?

பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். புதிதாக வந்தவர்களைத் திடுக்கிட வைப்பது இதுதான். மாதாமாதம் மின்சாரப் பில் கட்டிப் பழகிய கண்ணுக்கு, மூன்று மாதத் தொகை ஒரேயடியாக வந்து விழும். அதில் தண்ணீர், கழிவுநீர் இரண்டுக்கும் கட்டணம், கணக்குப் பராமரிப்புக் கட்டணம், உள்கட்டமைப்புக்கான கட்டணம், செசபீக் விரிகுடாவைச் சீர்படுத்த மாநிலம் வாங்கும் மாதம் 5 டாலர் எல்லாம் சேர்ந்திருக்கும். கடைசியாகச் சொன்னது நிறுவனத்துக்குப் போகிற பணம் இல்லை, மாநிலத்துக்கு வசூலித்துக் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒருமுறை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். போன் செய்வதற்கு முன் மனைவி, "முதல்ல டாய்லெட்டைப் பாருங்க" என்றாள். கழிவறையின் ஃபிளஷ் தொட்டி மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டோம். பத்து நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யவில்லை. கீழே கிண்ணத்தில் தண்ணீர் மெல்ல ஆரஞ்சு நிறமானது. தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்து, சத்தமே இல்லாமல் இரவு பகலாகக் கசிந்திருக்கிறது. ஹோம் டிப்போவில் சில டாலருக்கு ஒரு புது மூடி வாங்கி மாட்டினேன். எந்த இயக்குநரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நீங்களும் முதலில் கேசரிப் பவுடரில் ஆரம்பியுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மீட்டர் அடித்தளத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு, மீட்டர் எண்ணின் படத்தோடு வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். பொது மேலாளர் அதற்கும் பிறகுதான்.

கட்டண விகிதமே அநியாயம் என்று தோன்றினால்? அது பில் பிரிவு தீர்க்கிற விஷயம் இல்லை. இங்கே நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும், அது நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துகிற கதை.

முன்பு இந்த நிறுவனத்தில் 16 படிக் கட்டணம் இருந்தது. ஒரு வீடு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை காலன் செலவழிக்கிறதோ அதை வைத்து ஒரு படி. அந்தப் படியின் விலை அந்த வீட்டின் எல்லாக் காலனுக்கும் பொருந்தும், முதல் காலன் உட்பட. நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர், தலைக்கு நாளொன்றுக்கு 40 காலன் என்றால் 160. ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு குடம் நாலு காலன், ஆக நாற்பது குடம். ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள். 240 ஆகிறது. கூடுதலான 80 காலனுக்கு மட்டும் விலை ஏறினால் பரவாயில்லை. பழைய முறையில் 240-க்கும் விலை ஏறும். சிக்கனமாகச் செலவழிக்கும் பெரிய குடும்பம், தாராளமாகச் செலவழிக்கும் சின்னக் குடும்பத்தைவிட ஒவ்வொரு காலனுக்கும் அதிகம் கொடுக்கும்.

2015-இல் ஒரு வாடிக்கையாளர் இதை மேரிலாந்து பொதுச் சேவை ஆணையத்துக்குக் கொண்டுபோனார். கவனியுங்கள், அவர் பொது மேலாளருக்கு இன்னொரு கடிதம் எழுதவில்லை. கட்டணம் நியாயமானதா என்று பார்க்க மாநிலச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கும் கதவைத் தட்டினார். 2017-இல் அந்த ஆணையம், இந்தப் படிமுறை நியாயமற்றது என்று சொன்னது. 2019 ஜூலை 1 முதல் நான்கே படிகள். இப்போது நாளொன்றுக்கு முதல் 80 காலன் சொச்சம் எல்லா வீட்டுக்கும் மலிவு விலை, அதற்கு மேல் 165 வரை அடுத்த விலை, 275 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. பெற்றோர் வந்தால் கூடுதல் தண்ணீருக்கு மட்டும்தான் மேல்படி விலை. அவர்கள் மத்தியானம் செடிக்கு ஊற்றும் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் மகன்களும் மருமகள்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வருமானம் குறைந்தவர்களுக்கு வாடிக்கையாளர் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது.

குழாய் உடைந்தால்

தலைமைப் பக்கத்தை மூடிவிடுங்கள். 301-206-4002, இருபத்து நான்கு மணி நேர அவசர எண். தெருவில் தண்ணீர் பொங்கினாலும், கழிவுநீர் மூடி வழியாக வழிந்தாலும் இதுதான்.

கூப்பிடுவதற்கு முன் ஒரு கோட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். உங்கள் மனை எல்லைக்கோடு. தெருவில் ஓடும் பெரிய குழாயிலிருந்து அந்தக் கோடு வரை நிறுவனத்துக்குச் சொந்தம். கோட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் உங்களுடையது, புல்தரைக்கு அடியில் உடைந்தாலும் செலவு உங்களுடையது. கழிவுநீர்க் குழாய்க்கும் இதே கோடுதான். புது வீட்டுக்காரர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான். நல்ல பிளம்பர் ஒருவரின் எண்ணை வீடு வாங்கிய வாரமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய உடைப்புகளில் தலைமை என்ன செய்கிறது என்பதற்கு இந்த ஊர் மறக்காத இரண்டு நாட்கள் உண்டு. 2008 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு முந்தைய குளிரில், பெத்தெஸ்டா பக்கம் ரிவர் ரோடில் 66 அங்குலக் கான்கிரீட் குழாய் வெடித்துச் சாலையே ஆறானது. காரில் மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரிலும் படகிலும் மீட்டார்கள். அந்த வகைக் குழாயில் கான்கிரீட்டைச் சுற்றி இழுத்துக் கட்டிய கம்பிகள் இருக்கும். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தால் ஒரு நாள் குழாய் மொத்தமாகத் திறந்துகொள்ளும். அந்தக் குழாய்களுக்குள் கண்ணாடி இழைக் கேபிளை ஓடவிட்டுக் கம்பி அறும் சத்தத்தைக் கேட்கும் ஏற்பாட்டை நிறுவனம் பெரிய அளவில் விரித்துக்கொண்டே போனது.

2013 ஜூலையில் அந்தக் காது வேலை செய்தது. பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் 54 அங்குலக் குழாய் ஒன்றில் கம்பிகள் அறுந்துகொண்டிருந்தன. வெடிப்பதற்கு முன் குழாயை மூட வேண்டும். மூடினால் கடும் வெயில் காலத்தில் லட்சம் பேருக்கு மேல் பல நாள் தண்ணீர் இருக்காது. தலைமை அதை முன்கூட்டியே அறிவித்தது. கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது, நேஷனல் ஹார்பரில் ஓட்டல் விருந்தினர்களை வெளியே அனுப்பினார்கள். கடைசியில் தண்ணீர் நிற்கவே இல்லை. இறுகிப்போய்த் திரும்ப மறுத்த ஒரு பழைய வால்வை ஊழியர்கள் இருவர் கையாலேயே சரிசெய்து திருப்பிவிட்டார்கள், அதனால் வேறு வழியில் தண்ணீரைத் திருப்ப முடிந்தது. தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டார்கள் என்று அன்று பலர் திட்டினார்கள். என் கணக்கில், கெட்ட செய்தியை நேரத்தோடு சொன்னது மேலதிகாரிகளின் நல்ல வேலை, வால்வைத் திருப்பியது அந்த இருவரின் நல்ல வேலை. ஆனால் தலைமைப் பக்கத்தில் வால்வு திருப்புகிறவர் படம் இருக்காது.

கழிவுநீர் பற்றி ஒரு சமையலறைக் குறிப்பு

கவுண்டிக் கழிவுநீரில் பெரும்பங்கு வாஷிங்டன் நகரத்தின் புளூ பிளைன்ஸ் நிலையத்துக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சராசரி 38.4 கோடி காலன் கொள்ளளவு. அதை நடத்தும் நகரத் தண்ணீர் நிறுவனத்தின் 11 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் மான்ட்கோமரிக்கு இரண்டு இடம், பிரின்ஸ் ஜார்ஜஸுக்கு இரண்டு இடம் உண்டு. ஜெர்மன்டவுன் பக்கத்துக் கழிவுநீர் உள்ளூரிலேயே செனகா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது.

2005-இல், கழிவுநீர் ஓடைகளில் வழிந்தோடுவது தொடர்பாக மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு இந்த நிறுவனம் நீதிமன்ற உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டது. அதனால் குழாய் சீரமைப்புச் செலவில் ஒரு பகுதியைக் கமிஷனர்களே நினைத்தாலும் வெட்ட முடியாது என்று ஆனது. "ஏன் வருஷா வருஷம் ஏத்துறாங்க?" என்ற கேள்விக்கு இது ஒரு பாதிப் பதில்.

வழிந்தோடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று எண்ணெய். பூரி சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றி மேலே வெந்நீர் விட்டால் கரைந்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. குளிர்காலத்தில் புல்தரைக்கு அடியில் போய் அது நெய்க்கட்டியாக உறையும், உறைவது பெரும்பாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம், உங்கள் செலவில். காலி டப்பாவில் ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள். உணவகமோ கேட்டரிங் சமையலறையோ திறக்க நினைப்பவர்கள், கொழுப்பு எண்ணெய்க் கழிவுக்கான அனுமதியை இந்த நிறுவனத்திடம் தனியாக வாங்க வேண்டும். கவுண்டி சுகாதார அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, கிரீஸ் பிடிக்கும் தொட்டி வைக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கட்டணம் முடிவாகும் முன் பேசுவது எப்படி?

நம்மவர்கள் பெரும்பாலும் ஜூலையில் புதுப் பில்லைப் பார்த்துவிட்டு வாட்ஸப் குழுவில் பொங்குவார்கள். அப்போது எல்லாம் முடிந்திருக்கும். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, ஆனால் பேச்சு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். கட்டணத்தை எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இரண்டு கவுண்டி கவுன்சில்களும் அப்போது ஒரு வரம்பு பேசுகின்றன. பொது மேலாளரின் வரவு செலவுத் திட்டம் குளிர்காலத்தில் வரும். பிப்ரவரி வாக்கில் இரண்டு கவுண்டிகளிலும் பொது விசாரணை. மார்ச் 1-க்குள் திட்டம் கவுண்டிகளுக்குப் போகும். மே மாதத்தில் இரண்டு கவுன்சில்களும் சேர்ந்து உட்காரும், ஜூன் 1-க்குள் முடிவு.

இதில் ஒரு நுணுக்கம். ஒரு கவுன்சில் மட்டும் வெட்ட நினைத்தால் போதாது. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கமிஷனின் திட்டத்தை மாற்ற முடியும். ஆகவே ஜெர்மன்டவுன்காரர் மான்ட்கோமரி கவுன்சிலரிடம் மட்டும் பேசினால் பாதி வேலைதான். லேன்ஹமில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட தம்பி அவருடைய கவுன்சிலரிடம் பேச வேண்டும். முருகன் கோயிலும் சிவ விஷ்ணு கோயிலும் லேன்ஹமில், அதாவது பிரின்ஸ் ஜார்ஜஸில் இருக்கின்றன. இரண்டு கவுண்டித் தமிழர்களும் சந்திக்கும் இடம் அதுவாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி. 2024 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டுக்கு 8.5 சதவீத ஏற்றம் இந்த வழியாகத்தான் வந்தது.

கமிஷனர்களின் கூட்டம் லாரலில் இருக்கும் தலைமையகத்தில் மாதந்தோறும் நடக்கும், இணையத்திலும் பார்க்கலாம். பேசுவதற்குப் பொதுமக்களுக்குச் சில நிமிடம் உண்டு. கார்ப்பரேட் செகரட்டரி அலுவலகத்தில் முன்பதிவு செய்யுங்கள். முதல் தடவை பேசுவதற்கு முன் ஒரு கூட்டத்தைச் சும்மா பார்த்துவிடுங்கள். யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். சொந்தப் பில் பிரச்சினையை அங்கே விரித்தால் நாகரிகமாக ஓர் ஊழியரிடம் கைகாட்டி விடுவார்கள். "என் தெருவில் மூன்று குளிர்காலமாக ஒரே இடத்தில் உடைகிறது, மாற்றும் திட்டத்தில் அது எந்த வருடம் இருக்கிறது?" என்று கேட்டால் தலைமைப் பொறியாளர் பக்கம் தலைகள் திரும்பும்.

எழுதுவது என்றால், "மாண்புமிகு", "தங்கள் கனிவான பார்வைக்கு" எல்லாம் வேண்டாம். "கமிஷனர்" என்று குடும்பப் பெயரோடு தொடங்கி, மூன்றாவது வரிக்குள் கேள்வியைச் சொல்லிவிடுங்கள். கணக்கு எண், தேதி, இதற்கு முன் பேசியவரிடமிருந்து வாங்கிய புகார் எண் மூன்றும் இருக்கட்டும். புகார் எண் இல்லாமல் மேலே எழுதினால், மேலே இருந்து அது திரும்பவும் கீழேதான் வரும், இன்னும் மெதுவாக.

வேலை, ஒப்பந்தம்

ஊரில் குடிநீர் வாரியத்திலோ கட்டுமான நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தலைமைப் பக்கத்தில் இருப்பவருக்கு ரெஸ்யூமே அனுப்புவதில் பயனில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் ஆபரேட்டர் வேலைக்கு மாநிலச் சான்று வேண்டும். பொறியாளருக்கு, ஆரம்பத்தில் சொன்ன அந்த பி.இ. உரிமத்துக்குத் தயாராவது நல்ல தொடக்கம். சிறு ஐ.டி. நிறுவனம், ஆய்வுக்கூடம், கட்டுமான வேலை வைத்திருப்பவர்கள் தேட வேண்டியது சப்ளையர் டைவர்சிட்டி அலுவலகம். சிறு நிறுவனங்களுக்கு வழி காட்டவே அந்த அலுவலகம் இருக்கிறது.

இன்னொன்று, குழந்தைகளோடு வார இறுதியில் பாய்ட்ஸ் பக்கம் பிளாக் ஹில் பூங்காவுக்குப் போனால், படகு விடும் அந்த லிட்டில் செனகா ஏரியைக் காட்டுங்கள். அழகுக்கு வெட்டிய ஏரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பொடோமக் வற்றினால் தலைநகர் வட்டாரம் முழுவதுக்கும் திறந்துவிடச் சேர்த்துவைத்த தண்ணீர் அது. 1999-இலும் 2002-இலும் வறட்சியில் திறந்திருக்கிறார்கள். மழை பொய்த்த வருடத்தில் அதை எப்போது திறப்பது என்று மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் தண்ணீர் நிறுவனங்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்கின்றன.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 4002-இல் முடியும் அவசர எண், 311, பிளம்பர் எண், பொது விசாரணைத் தேதி. அதற்குப் பக்கத்தில் அம்மா கையெழுத்தில், "கேசரிப் பவுடர் தீந்துபோச்சு".